மூன்று சதவீதக் காற்று: எண்ணெய்க் கசிவுக் கணிப்பின் வரலாறு

கடலில் கொட்டிய எண்ணெயை இரண்டு விசைகள் நகர்த்துகின்றன. நீரோட்டம் தன் முழு வேகத்தோடும் அதைச் சுமந்து செல்லும். காற்று தன் வேகத்தில் ஏறத்தாழ மூன்று சதவீதத்தை மட்டும் அதற்குக் கொடுக்கும். இரண்டையும் கடல் வரைபடத்தில் அம்புகளாக அடுத்தடுத்து வரைந்து, தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் இணைத்தால் எண்ணெய் போகும் வழி கிடைத்துவிடும். துறைமுக அதிகாரி ஒருவர் பென்சிலும் அளவுகோலும் கொண்டு போடக்கூடிய இந்தக் கணக்கைத்தான் இன்றைய கணிப்பு மென்பொருள்களும் அடிப்படையில் போடுகின்றன. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை போடுகின்றன என்பதே வேறுபாடு.

மூன்று சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் 20 நாட் வேகத்தில் நாள் முழுக்க வீசும் காற்று, அந்த மூன்று சதவீதத்தைக் கொண்டே எண்ணெயை 14 கடல் மைலுக்கு மேல், அதாவது சுமார் 27 கிலோமீட்டர் தள்ளிவிடும். ஓதத்தால் வரும் நீரோட்டம் சில மணி நேரம் ஒரு பக்கமும் சில மணி நேரம் மறுபக்கமும் ஓடி, தான் செய்ததைப் பெரும்பாலும் தானே அழித்துக்கொள்ளும். காற்றுக்கு அந்த வழக்கம் இல்லை. நாள்கணக்கில் ஒரே பக்கம் வீசும். நீரோட்டம் வலுக்காத கடலில் எண்ணெய் எந்தக் கரையில் ஏறும் என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. கணிப்பு பொய்த்தால் முதலில் மென்பொருளுக்கு ஊட்டிய காற்றுக் கோப்பைத் திறந்து பார் என்ற பழக்கம் இந்தத் தொழிலில் வந்தது இதனால்தான். அந்தப் பழக்கம் வருவதற்குப் பல கப்பல்கள் உடைய வேண்டியிருந்தது.

காற்றை எண்ணால் குறிக்கும் வழக்கம் எண்ணெய்க் கப்பல்களுக்கு மிகவும் முந்தியது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1806-இல் தம் நாட்குறிப்பில் காற்றின் வலுவைப் படிநிலை எண்களாக எழுதத் தொடங்கினார். 1838-இல் அவர் நாட்டுக் கடற்படை அந்த முறையை ஏற்றுக்கொண்டது. திசையைப் பொறுத்தவரை மாலுமிகளிடம் இரட்டை வழக்கம் இருந்தது: காற்றை அது வரும் திசையாலும் நீரோட்டத்தை அது போகும் திசையாலும் சொன்னார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று தமிழிலும் காற்றுக்குப் பிறந்த இடம்தான் பெயர். பாய்மரம் கட்டுபவனுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். நீரோட்டம் தன் கப்பலை எங்கே கொண்டுபோய் விடும் என்பது முக்கியம். ஆகவே இரண்டு வழக்கமும் நியாயமானவை, பாய்மரக் காலத்தில் அவை யாரையும் குழப்பவும் இல்லை. இரண்டையும் ஒரே கோப்பில் எண்களாகப் போட்ட பிறகுதான் குழப்பம் தொடங்கியது.

காற்று கடலின் மேற்பரப்பை எப்படி இழுக்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான தடயம் வட துருவப் பகுதியில் கிடைத்தது. நார்வேக்காரரான ஃபிரித்யோஃப் நான்சென் 1893-இல் 'ஃப்ராம்' என்ற கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டியில் சிக்கவைத்தார். 1896 வரை கப்பல் பனி போன போக்கில் போயிற்று. பனி, காற்று தள்ளிய திசையில் நேராகப் போகாமல், அதிலிருந்து 20 முதல் 40 பாகை வலப்பக்கம் விலகியே நகர்ந்தது. பூமியின் சுழற்சிதான் காரணம் என்று நான்சென் கருதினார். ஸ்வீடன் நாட்டு இளம் ஆய்வாளர் வால்ஃப்ரிட் எக்மன் அதற்குக் கணித வடிவம் கொடுத்து 1905-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அவர் கணக்குப்படி மேற்பரப்பு நீர் வட அரைக்கோளத்தில் காற்றுக்கு 45 பாகை வலமாகவும், தென் அரைக்கோளத்தில் இடமாகவும் விலக வேண்டும். நீரின் மேல் மெல்லிய தோலாகக் கிடக்கும் எண்ணெய் அவ்வளவு விலகுவதில்லை; பல கணிப்புகளில் விலகலே சேர்க்கப்படுவதில்லை, சேர்த்தாலும் சில பாகைதான். ஆனால் வட கடலுக்கு எழுதிய நிரலைத் தென் கடலில் ஓட்டும்போது அந்தச் சில பாகையின் குறியை மாற்றியாக வேண்டும்.

அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்முயர் 1927-இல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, சர்காசோ கடலின் பாசிகள் காற்றின் திசையில் நீள நீளமான வரிசைகளாகக் கட்டி மிதப்பதைக் கண்டார். மேற்பரப்புக்கு அடியில் நீர் உருளை உருளையாகச் சுழல்வதும், அடுத்தடுத்த உருளைகள் சந்திக்கும் கோட்டில் மிதப்பவை ஒதுங்குவதும் இதற்குக் காரணம் என்று 1938-இல் எழுதினார். எண்ணெயும் அப்படித்தான் வரிவரியாக ஒதுங்கும். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த வரிகளைப் பார்த்தே அங்கே வீசும் காற்றின் போக்கைச் சொல்லிவிடலாம். காற்றுக் கோப்பில் உள்ள திசை அந்த வரிகளோடு குறுக்காக நின்றால் கோப்பில் ஏதோ தவறு என்று பொருள்.

இவையெல்லாம் ஏட்டறிவாக இருந்த காலத்தில் 1967 மார்ச் 18 அன்று 'டோரி கேன்யன்' என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் முனைக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையே உள்ள ஏழு கற்கள் பாறைத்தொடரில் மோதியது. அதில் குவைத் கச்சா எண்ணெய் சுமார் 1,19,000 டன் இருந்தது. கப்பலிலிருந்து அவ்வளவு பெரிய கசிவை உலகம் அதற்கு முன் கண்டதில்லை. எண்ணெய் எங்கே போகும் என்று சொல்லும் கருவியும் யாரிடமும் இல்லை. பிறகு நடந்தது காற்றின் வலிமைக்கு ஒரு பாடம். முதல் சில நாள்களில் கசிந்த எண்ணெய் ஆங்கிலக் கால்வாய்க்குள் ஏறி, ஏப்ரலில் குர்ன்சித் தீவையும் பிரான்சின் பிரித்தானிக் கரையையும் தொட்டது. அடுத்த சில நாள்களில் கசிந்தது, காற்று திரும்பியதால் கார்ன்வால் கடற்கரைகளில் ஏறியது. மார்ச் 26 அன்று கப்பல் உடைந்தபோது வெளிவந்த பெரும் பங்கோ, வடக்கிலிருந்து காற்று வீசியதால் தெற்கே பிஸ்கே விரிகுடா பக்கம் போய்விட்டது. கப்பல் ஒன்று, எண்ணெய் ஒன்று, பாறையும் ஒன்று. கசிந்த நாளைப் பொறுத்துச் சேரும் நாடு மாறியது. மிச்ச எண்ணெயை எரிக்க விமானப்படை குண்டு வீசியதைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. பிளிமத் கடல் உயிரியல் ஆய்வகத்தார் அதே வேளையில் படலங்கள் இருந்த இடங்களை நாள்வாரியாகக் குறித்து, காற்றுப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். எண்ணெய் காற்றின் வேகத்தில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேலான வேகத்தில் நகர்ந்திருந்தது.

இந்த எண் எதேச்சையானதல்ல. காற்று நீரை உரசித் தள்ளும் விசையும், மேல்நீர் அடிநீரை உரசுவதால் வரும் தடையும் சமப்படும் வேகத்தைக் கணக்கிட்டால், அது காற்றின் அடர்த்திக்கும் நீரின் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வருகிறது. கன மீட்டருக்குக் காற்று 1.2 கிலோ, கடல்நீர் 1,025 கிலோ, வர்க்கமூலம் 0.034. கணக்கும் கடலும் இப்படி ஒத்துப்போனதால் மூன்று சதவீத விதி கையேடுகளில் ஏறி நிலைத்துவிட்டது. அந்த மூன்றில் அலைகள் கொண்டுசெல்லும் மெல்லிய நகர்வும் அடங்கியிருக்கிறது. அலை நகர்வைத் தனியே கணக்கிடும் புதிய மாதிரிகளில் மூன்றை அப்படியே விட்டுவைத்தால் ஒரே விசையை இருமுறை கூட்டியதாகிவிடும். எண்ணெய் நிஜத்தைவிட வேகமாகக் கரை சேர்வதாகத் திரை காட்டும்போது இந்த இரட்டைக் கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

கணினி இந்தத் துறைக்குள் வந்ததற்கு 'ஆர்கோ மெர்ச்சன்ட்' ஒரு காரணம். 1976 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தென்கிழக்கே மணல்திட்டில் ஏறிய அந்தக் கப்பல் ஒரு வாரத்தில் உடைந்து, 77 லட்சம் கேலன் கன எரியெண்ணெயைக் கொட்டியது. வளமான மீன்பிடி கடலும் கோடைக் கடற்கரைகளும் அருகில் இருந்தன. குளிர்காலத்தின் வடமேற்குக் காற்று விடாமல் வீசியதால் எண்ணெய் கரைக்கு வராமல் அட்லாண்டிக்கின் உள்ளே போனது. அறிவியலாளர் குழு ஒன்று அவசர அவசரமாகக் கூடி நாள்தோறும் கணிப்புச் சொன்ன அந்த அனுபவத்திலிருந்துதான் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவில் கசிவுகளுக்கென்றே ஒரு நிரந்தரக் குழு உருவானது. அவர்கள் எழுதிய நிரலுக்குப் பெயர் ஓஎஸ்எஸ்எம். கசிவு நடந்த இடத்திலேயே ஓட்டக்கூடிய மாதிரி என்பது அதன் விரிவு. 1990-களின் இறுதியில் அதன் வாரிசாக 'நோம்' வந்தது. இலவசமாகக் கிடைத்ததால் அது உலகெங்கும் துறைமுகங்களிலும் கல்லூரிகளிலும் பரவியது. பழைய நிரலின் காற்றுக் கோப்பு வடிவம் புதியதிலும் தொடர்ந்தது.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் இந்தத் தொழிலின் தலைவலிகள் எல்லாம் தெரியும். அது வெறும் எழுத்துக் கோப்பு. மேலே நிலையத்தின் பெயர், இருப்பிடம், வேக அலகு, நேர முறை என்று சில வரிகள். பிறகு ஒவ்வொரு வரியிலும் காற்புள்ளியிட்ட ஏழு எண்கள்: நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம், வேகம், திசை. மனிதர் கண்ணுக்கு எளிமையானது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளமும் உண்டு.

நாளும் மாதமும் முதல் பள்ளம். உருவாக்கியது அமெரிக்க அமைப்பு, அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுபவர்கள், ஆனால் கோப்பு கேட்பது நாளை. மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 ஆகிவிடும். 12-ஆம் தேதிக்குப் பிறகு மாத இடத்தில் 13 வரும்போதுதான் நிரல் முரண்டு பிடிக்கும். அதுவரை எல்லாம் சரியாக நடப்பதுபோலவே இருக்கும்.

அலகு அடுத்தது. ஒரு நாட் என்பது வினாடிக்கு 0.51 மீட்டர். அலகு வரியில் மீட்டர் என்று போட்டுவிட்டு நாட் எண்களைக் கீழே ஒட்டினால் காற்று இரட்டிப்பாகும். மாற்றிச் செய்தால் பாதியாகும். இந்தத் தவறு பிடிபடாமல் போவதற்குக் காரணம், இரண்டு எண்களும் நம்பக்கூடியவையாக இருப்பதுதான். 10 என்ற எண் நாட்டாகவும் மென்காற்று, மீட்டராகவும் சாதாரணக் கடற்காற்று. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

திசைத் தவறு இவற்றைவிடக் கொடியது. வானிலைக்காரர் தரும் 270 என்பது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று. நீரோட்ட வழக்கில் பழகியவர் அதை மேற்கு நோக்கிப் போவதாக எடுத்துக்கொண்டால் படலம் சரியாக 180 பாகை எதிர்ப்பக்கம் போகும். வேகத்தையும் திசையையும் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று பிரிக்கும் சூத்திரத்தில் இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி இருக்க வேண்டும். அதை விட்டாலும் விளைவு இதுதான். கணிதத்தில் கோணம் கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாக ஏறும், வானிலையில் வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாக ஏறும். இந்தக் கலப்படம் நேர்ந்தால் சில திசைகளில் விடை சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் வரும். அதனால் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். முழுக்கத் தலைகீழாகப் போகும் படலம் ஒருவகையில் நேர்மையானது, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வட்டத்தின் இயல்பை மறப்பதால் வரும் பிழை ஒன்று உண்டு. காலை 6 மணிக்குக் காற்று 350 பாகை, 8 மணிக்கு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே வடகாற்று. 7 மணிக்கு என்ன என்று நிரல் எண்களின் சராசரியை எடுத்தால் 180 வரும். ஒரு மணி நேரத்துக்கு வாடை தென்றலாகிவிடும். கூறுகளாகப் பிரித்துச் சராசரி எடுத்தால்தான் வடக்கு என்ற விடை கிடைக்கும். வானிலைக் குறிப்புகளில் சுழியத்துக்கும் தனிப் பொருள் உண்டு. விமான நிலையக் குறிப்பில் வடகாற்றை 360 என்றே எழுதுவார்கள். திசையும் வேகமும் சுழியமாக இருந்தால் காற்றே இல்லை என்று பொருள். பதிவு இல்லாத மணி நேரங்களுக்கு அமெரிக்க மிதவை நிலையங்களின் பழைய கோப்புகளில் வேகம் 99, திசை 999 என்று நிரப்பி வைத்திருப்பார்கள். அதை அப்படியே ஊட்டினால் வினாடிக்கு 99 மீட்டர் வேகத்தில் ஒரு சூறாவளி கிளம்பும். இந்தப் பிழை நல்லது, யாரும் நம்பமாட்டார்கள்.

நேரம் தனிக் கதை. வானிலை மையங்கள் உலகப் பொது நேரத்தில் தரவு தருகின்றன. கசிவு நடந்த நேரத்தை அதிகாரிகள் உள்ளூர் நேரத்தில் சொல்கிறார்கள். இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேர இடைவெளி, அந்த அரை மணியை ஏற்காத நிரல்களும் உண்டு. நாள் முழுக்க ஒரே காற்று வீசும் நடுக்கடலில் இதனால் பெரிய நட்டம் இல்லை. சென்னை போன்ற கரையில் நிலைமை வேறு. கோடையில் காலை வேளையில் நிலத்திலிருந்து மேல்காற்று, நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து குளிர்காற்று என்று திசை ஒரே நாளில் புரளும். பொது நேரத் தரவை உள்ளூர் நேரம் என்று எண்ணி ஓட்டினால் பிற்பகல் ஒரு மணிக் கடற்காற்று காலை ஏழரைக்கே வீசத் தொடங்கி எண்ணெயைக் கரையில் ஏற்றிவிடும். நாள் சராசரிக் காற்றைப் பயன்படுத்துவது அதைவிட மோசம். இரண்டு காற்றும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, எண்ணெயைக் கரைக்குக் கொண்டுவரும் அந்தச் சில மணி நேரம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

காற்றுமானி நிற்கும் உயரமும் கணக்கில் சேரும். பத்து மீட்டர் உயரத்துக் காற்றையே மூன்று சதவீத விதி எதிர்பார்க்கிறது. கடல் மிதவைகளில் கருவி நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கும், அதைப் பத்து மீட்டருக்கு ஏற்றினால் வேகம் சுமார் பத்து சதவீதம் கூடும். கப்பலின் பாய்மரக்கம்பில் முப்பது மீட்டரில் அளந்தது அதே அளவு குறையும். நாட், மீட்டர் குழப்பத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். ஆனால் மூன்று நாள் கணிப்பில் பத்து சதவீதம் என்பது ஒரு மீனவக் கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் உள்ள தூரம்.

செயற்கைக்கோள் வந்ததும் நிலையம் இல்லாத கடலிலும் காற்றைப் பார்க்க முடிந்தது. 1978-இல் ஏவப்பட்ட 'சீசாட்', கடலின் சிற்றலைகளில் ரேடார் கதிர் சிதறுவதை வைத்துக் காற்றை அளந்தது. நூறு நாளுக்குச் சற்று மேல் வேலை செய்து நின்றுபோனது. அந்த முறைக்கே உரிய ஒரு குறை உண்டு: வேகம் ஒன்று கிடைத்தால் திசைக்கு இரண்டு முதல் நான்கு விடைகள் கிடைக்கும், அவற்றில் ஒன்று பெரும்பாலும் நேர் எதிர்த் திசை. சரியானதைத் தேர்வதற்குத் தொடக்கத்தில் வானிலையாளர்கள் உட்கார்ந்து கையால் பிரிக்க வேண்டியிருந்தது. 1999-இல் 'குவிக்ஸ்காட்', 2009-இல் இஸ்ரோவின் 'ஓஷன்சாட்-2', 2016-இல் 'ஸ்காட்சாட்-1' என்று அடுத்தடுத்து வந்தவற்றில் அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. கரையை ஒட்டிய பட்டையில் நிலத்தின் எதிரொலி கலந்துவிடுவதால் அங்கே மட்டும் இவற்றுக்குக் கண் மங்கல். எண்ணெய் கடைசியில் வந்து சேர்வதும் அந்தப் பட்டையில்தான்.

அதே காலத்தில் உலக வானிலை மாதிரிகளின் கட்டத் தரவு எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியது. கால் பாகைக் கட்டம் ஒன்றின் பக்கம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கரையோரக் கட்டத்தை மாதிரி நிலம் என்று வகைப்படுத்தியிருந்தால், மரமும் கட்டடமும் தடுத்த மெலிந்த காற்றையே அது தரும். கடற்கரைக்குச் சற்றுத் தள்ளி நிஜத்தில் இரட்டிப்பாக வீசிக்கொண்டிருக்கலாம். கோப்பின் உள்கட்டமைப்பிலும் சிக்கல். சில மையங்கள் அட்சரேகையை வடக்கிலிருந்து தெற்காக அடுக்குகின்றன, சில தெற்கிலிருந்து வடக்காக. தீர்க்கரேகையைச் சில 0 முதல் 360 வரை எண்ணுகின்றன, சில கிழக்கு மேற்கென்று பிரித்து 180 வரை. வரிசை மாறினால் வங்காள விரிகுடாவின் காற்றுக்குப் பதில் தெற்கு இந்தியப் பெருங்கடலின் காற்று வந்து உட்காரும். தரவு பாதியில் முடிந்துபோனால் கடைசிக் காற்றையே நீட்டிக்கொண்டு ஓடும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அவசரத்துக்கு உதவும் வசதிதான். அது இயங்குவதைக் கவனிக்காதவருக்கு மூன்றாம் நாள் கணிப்பு முழுவதும் முதல் நாள் காற்றில் ஓடியிருக்கும்.

தரவில் பிழையே இல்லாமலும் கணிப்பு தவறக்கூடும் என்பதை இரண்டு விபத்துகள் காட்டின. 1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் அலாஸ்காவின் பிளை பாறையில் மோதி சுமார் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. முதல் மூன்று நாள் கடல் அமைதியாக இருந்தது, எண்ணெய் கப்பலைச் சுற்றியே கிடந்தது. 26-ஆம் தேதி இரவு மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய புயற்காற்று எழுந்து, ஒரே இரவில் படலத்தைப் பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்துக் கலக்கிவிட்டது. அகப்படும் தொலைவில் இருந்த எண்ணெய் மறுநாள் கை மீறிப் போனது. மலைகள் சூழ்ந்த அந்த வளைகுடாவில் ஒரு பள்ளத்தாக்கின் காற்று அடுத்த பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. ஒற்றை நிலையத்தின் பதிவை வைத்து முழு நீர்ப்பரப்பையும் கணிப்பதன் எல்லை அங்கே தெரிந்தது.

1993 ஜனவரி 5 அன்று ஷெட்லாந்துத் தீவுகளில் கரை தட்டிய 'பிரேயர்' கப்பல் இதற்கு மறுபக்கம். 84,700 டன் எண்ணெய், அதுவும் கடும் சூறைக்காற்றில். மூன்று சதவீத விதிப்படி படலம் மிக வேகமாக ஓடியிருக்க வேண்டும். ஓட வேண்டிய படலமே அங்கே உருவாகவில்லை. மெல்லிய ரக எண்ணெயை அலைகள் துளித்துளியாக அடித்து நீருக்குள் கலந்துவிட்டன. உள்ளே போன துளிகளைக் காற்று தள்ளாது, அடிநீரோட்டம்தான் கொண்டுபோகும். மூன்றில் ஒரு பங்கு அளவு எண்ணெய், காற்று சுட்டிய இடங்களில் இல்லாமல் தொலைவில் கடல்தரைச் சேற்றில் படிந்திருந்தது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் எண்ணெயைத் தள்ளுவதை விட்டுவிட்டு அதை நீருக்குள் கலக்கத் தொடங்குகிறது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து நோவா குழு எடுத்த முடிவு துணிச்சலானது. காற்றைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அதையே கணக்கில் சேர்த்தார்கள். ஜெரி கால்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வகுத்த அந்த அணுகுமுறையில், மிகவும் நிகழக்கூடிய வழி ஒன்றும், காற்றின் வேகமும் திசையும் நேரமும் சற்றுப் பிசகினால் எண்ணெய் போகக்கூடிய எல்லை ஒன்றும் சேர்ந்தே வெளியிடப்படும். 'நோம்' திரையில் முதலாவது கறுப்புப் புள்ளிகளாகவும் இரண்டாவது சிவப்புப் புள்ளிகளாகவும் தோன்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று என்று நிலையாக வைக்காமல், ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே ஏதோ ஒரு சதவீதத்தை நிரலே குலுக்கிக் கொடுக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மாறும். படலம் காற்றின் திசையில் நீண்டு பரவுவது இதனால் இயல்பாகத் தெரியும். சிவப்புப் புள்ளிகளின் எல்லைக்குள் ஆமைகள் முட்டையிடும் கரை இருந்தால், வாய்ப்புக் குறைவு என்றாலும் மிதவைத் தடுப்பை அங்கே கொண்டுபோய் வைப்பது அறிவு என்பது அவர்கள் வாதம். அரசு அதிகாரிகள் ஒற்றைக் கோட்டைத்தான் கேட்பார்கள். கொடுக்காமல் இருப்பதே நல்லது.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவின் 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை தோண்டிய கிணறு 87 நாள் கொட்டியபோது இந்த முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. எண்ணெய் வளைகுடாவின் வலுவான நீரோட்டத்தில் சிக்கி ஃபுளோரிடாவைச் சுற்றி அட்லாண்டிக்குப் போய்விடும் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. போகவில்லை. அந்த மாதங்களின் காற்று எண்ணெயை வடகரைப் பக்கமே ஒதுக்கி வைத்ததற்கு முக்கியப் பங்கு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

இந்தியாவில் இந்தக் கணிப்புப் பணியை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் 'நோம்' மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு செய்கிறது. தமிழகக் கரையில் அது நன்கு அறியப்பட்டது 2017 ஜனவரி 28-க்குப் பிறகு. அன்று விடியுமுன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எல்பிஜியை இறக்கிவிட்டுப் புறப்பட்ட 'பிடபிள்யூ மேப்பிள்' கப்பலும் பெட்ரோலியப் பொருள் ஏற்றிவந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் மோதிக்கொண்டன. கன எரியெண்ணெய் கசிந்து தெற்கே நகர்ந்தது. வடகிழக்குப் பருவத்தின் கடைசி வாரங்கள் அவை. காற்றுக்குக் கரையை நோக்கிய கூறு இருந்தது. கணிப்பும் தெற்குப் போக்கையே காட்டியது. எர்ணாவூர் ஆர்.கே. நகர் குப்பத்தில் தூண்டில் வளைவுகளின் கற்களுக்கு இடையே எண்ணெய் தடித்துத் தேங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். படலம் தெற்கே மெரினாவையும் தாண்டிச் சென்றது. திசையை மாதிரி சொல்லிவிடும். எந்தக் கல்லிடுக்கில் எண்ணெய் தேங்கும் என்பது 28 கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் அடங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக ஒட்டியபோது நிலைமை இன்னும் வேறு. ஆற்று வெள்ளம் ஓட்டிவந்த அந்த எண்ணெய்க்குக் கடற்காற்றின் மூன்று சதவீதக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

படலம் கணித்த இடத்தில் இல்லை என்று விமானத்திலிருந்து தகவல் வந்தால், இன்றைய கணிப்பாளர் போகும் ஒழுங்கு இந்த வரலாற்றின் ஒழுங்குதான். திசையில் 180 பாகைப் பிசகா, தூரம் இரண்டு மடங்கா என்று முதலில் பார்ப்பார்; அவை வழக்கத்தையும் அலகையும் காட்டிக்கொடுக்கும். வடிவம் சரி, நேரம் மட்டும் தள்ளியிருந்தால் நேர முறை. கரையருகே மட்டும் பிசகினால் கட்டமும் கடற்காற்றும். அதற்குப் பிறகுதான் நீரோட்டத்தையும் எண்ணெயின் தன்மையையும் சந்தேகிப்பார். கசிவு நேரும் முன்பே செய்து வைக்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீரோட்டத்தைச் சுழியமாக்கி, சதவீதத்தை மூன்றில் நிறுத்தி, மேற்கிலிருந்து 10 நாட் நிலையான காற்றைக் கொடுத்து, விலகல் கோணம் இல்லாமல் நடுக்கடலில் ஒரு புள்ளியை விட வேண்டும். 24 மணி நேரத்தில் அது 7.2 கடல் மைல் கிழக்கே இருக்க வேண்டும். மேற்கே இருந்தால் திசை வழக்கம் தவறு; 14 மைலை ஒட்டியிருந்தால் அலகு தவறு. ஐந்து நிமிட வேலை இது. காற்றுக் கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமல் வெளியிடும் கணிப்பை நம்பி மிதவைத் தடுப்பை இறக்கக் கூடாது.